நீர்த்திருடன்

ஏதென்ஸ் நீதிமன்றத்தில் நான் பேசுவதில்லை.
பேசுகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை.
மேலே ஒரு ஜாடி, அதன் அடியில் வெண்கல மூக்கு,
கீழே ஏந்திக்கொள்ள இன்னொரு ஜாடி.
மேல்ஜாடி வற்றும்வரை ஒருவன் வாதாடலாம்.
இவர்கள் மொழியில் அதற்கு நீர்த்திருடன் என்று பெயர்.
திருடுவது தண்ணீரை மட்டும்தானா?
திரேஸில் பிடிபட்டு வந்த அடிமையை
யார் இதையெல்லாம் கேட்பார்கள்.

நான் விலைபோய் வந்த வருஷம்
முதலில் பழகிய சொற்களில் ஒன்று சொஃபிஸ்தேஸ்.
அடிச்சொல் சொஃபோஸ்: தெரிந்தவன், கைதேர்ந்தவன்.
காற்றை முகர்ந்து கரை எங்கே என்று சொல்லும் மாலுமி,
யாழுக்குச் சுருதி கூட்டும் நொண்டி பைத்தோன்,
பாட்டுக் கட்டுகிறவன், கணக்குப் பார்க்கிறவன்,
எல்லோரும் அப்போது சொஃபிஸ்தேஸ்தான்.
சந்தையில் அந்தச் சொல்லைச் சொன்னால்
சொன்னவன் தலை சற்றே தாழும்.

பிறகு, காசுக்குப் பேச்சு கற்பிப்பவர்கள்
கப்பலிலிருந்து இறங்கினார்கள்.
நல்ல செருப்பு. ஊதா விளிம்பு வைத்த மேலாடை.
அந்தச் சொல்லையும் எடுத்து உடுத்திக்கொண்டார்கள்.
இரவல்தான்.
திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வழக்குக்கு வருகிறேன்.
அக்கார்னை ஊரில் கரி சுடும் தோரிலோஸ்,
வெண்கலம் வார்க்கும் எபிகேனெஸுக்கு
இருபது மூட்டை கரியைக் கடனாகக் கொடுத்திருந்தான்.
எபிகேனெஸ் எழுந்தான். மூக்கைத் திறந்துவிட்டேன்.

"நான் வாங்கியது என்ன? கரி.
கரி எதற்கு? எரிய.
எரிந்ததா? எரிந்தது.
எரிந்துபோனது இப்போது இருக்கிறதா?
இல்லாத ஒன்றுக்கு விலை உண்டா, பெரியோர்களே?
இருப்பதைத் தந்துவிடுகிறேன்."
ஒரு பை சாம்பலைத் தூக்கிக் காட்டினான்.

இருநூற்றொரு நடுவர்கள்.
பின்வரிசையில் ஒருவன் முதலில் சிரித்தான்,
பிறகு பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு இறங்கி வந்தது.
பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவனோடாவது மல்லுக்கு நிற்கலாம்.
இவன் நாலு காலையும் ஒழுங்காக எண்ணிக் காட்டிவிட்டு
முயலே இல்லை என்கிறான்.

தோரிலோஸ் எழுந்து நின்றான். நகக்கண்ணெல்லாம் கரி.
"அப்படியென்றால் அந்த அண்டா..."
அந்தக் கரியில் உருகி, அச்சில் வார்த்து,
நூறு திராக்மாவுக்கு விற்ற அண்டாவைச் சொல்ல வந்தான்.
சரியான கேள்வி. எனக்கே புரிந்தது.
அண்டா, அண்டா என்று திக்கியதில்
தண்ணீர் தீர்ந்தது.

விரலால் மூக்கை அடைத்திருக்கலாம்.
பத்திரம் வாசிக்கையில் அடைப்பதும் என் வேலைதான்.
ஒரு மூச்சு நேரம் போதும் அவனுக்கு.
அடைக்கவில்லை.

வாசலில் காத்திருந்த அவன் மனைவி நிகோபூலே
எபிகேனெஸ் கடந்து போகையில் மண்ணில் துப்பினாள்:
"சொஃபிஸ்தேஸ்."
அதே சொல், ஓர் எழுத்தும் மாறவில்லை.
எச்சிலோடு நான் அதைக் கேட்டது அன்றுதான்.

மறு வருஷம் தோரிலோஸ் திரும்பி வந்தான்,
பிரதிவாதியாக.
கோவேறு கழுதைகள் இரண்டையும் விற்றுப் பாடம் கேட்டிருக்கிறான்.
நகங்கள் வெளுத்திருந்தன.
ஒரு விதவைக்குத் தரவேண்டிய விறகுக் காசு.
"மரம் யாருடையது? மலையுடையது.
மலை அவளுக்கு விற்றதா?" என்று தொடங்கினான்.
குரலில் திக்கல் துளியும் இல்லை.
ஜாடியில் பாதித் தண்ணீர் இருக்கும்போதே
ஜெயித்த முகத்தோடு உட்கார்ந்தான்.
மிச்சத்தை முற்றத்தில் கொட்டினேன்.
ஒரு நாய் வந்து நக்கிக் குடித்தது.

நேற்று கீழ்ஜாடியில் விரிசல்.
தார் காய்ச்சி, ஆட்டுமயிர் கலந்து,
உள்பக்கமாக விரல்விட்டுப் பூசினேன்.
நிரப்பி வைத்துப் பார்த்தால் ஒரு சொட்டும் கசியவில்லை.
எழுத்தர் ஃபைதிமோஸ் குனிந்து சுற்றிலும் தடவிப் பார்த்தார்.
முதுகில் ஒரு தட்டு தட்டி,
"நீயும் சொஃபிஸ்தேஸ்தானடா" என்றார்.

பழைய சொல்லா, புதுசா?
முகத்தைப் பார்க்கலாம் என்று திரும்புவதற்குள்
அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.
மேல்ஜாடியை நிரப்பப் போனேன்.